கூரைமேற் கதிரவன்

நமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று வரைந்தனுப்புமாறு பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபோது, யாது பொருள்பற்றி எழுதுவதென்று பலநாள் மயங்கினோம். தமிழாசிரியராகிய நம்மிடம் இலக்கியக் கட்டுரையையே பலரும் எதிர்பார்ப்பர். எனினும், யாழ்ப்பாணத்திலே மின்னொளியின்றிப் படித்து, பின்னர்ப் பதுளையிலே மின்னொளியின்றிப் படிப்போருக்குக் கற்பிக்க நேர்ந்த நமக்கு, ஒளியைப்பற்றிச் சில கூறவேண்டிய கடன் உண்டு. அக்கடனை ஈண்டுத் தீர்க்க முயல்கின்றோம்.

1990ஆம் ஆண்டு யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போயிற்று. நம்முடன் பயின்ற நண்பர்கள் அவ்வாண்டுகளை மறந்திரார். மண்ணெண்ணெய் பொன்போல் அரிதாயிற்று. ஜாம் போத்தலின் அடியிற் பஞ்சையிட்டுச் சிறிது எண்ணெய் வார்த்து, திரியொன்றை நிறுத்தி, அதன் சிற்றொளியிலே பாடம் படித்தோம். செய்தி கேட்க விரும்பின், மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் மிதியைச் சுழற்றுவார். டைனமோ தரும் மின்னில் வானொலி பேசும். மின்சாரம் என்பது எங்கிருந்தோ கம்பிவழி வருவது மாத்திரமன்று. நம் முற்றத்திலும் பிறப்பிக்கத்தக்கது என்னும் பாடத்தை எவரும் கற்பியாமலே அன்று கற்றோம்.

ஆசிரிய கலாசாலையிற் பயிற்சிபெற்று வெளியேறியபின், பதுளைப் பகுதித் தோட்டப் பாடசாலையொன்றிலே தமிழாசிரியராய் அமர்ந்தோம். மூன்றாண்டில் ஊர் திரும்புவோம் என்றெண்ணி வந்த நாம், இம்மக்களின் அன்புக்குக் கட்டுண்டு இங்கேயே தங்கிவிட்டோம். பாடசாலைக்குச் செல்லும் வழியில், ஓடைக்கரையிலே, பாசி படர்ந்த சிறு கட்டடம் ஒன்று உண்டு. அது யாதென்று ஓய்வுபெற்ற தொழிலாளியான பெரியவர் ஒருவரை வினாவினோம். வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலே ஓடைநீரைக் குழாய்வழி இறக்கி மின்சாரம் எடுத்த இடம் அது என்றார். மலைநாட்டிலே நூற்றுக்கணக்கான தோட்டங்களில் இத்தகைய பொறிகள் இருந்தன. தேசிய மின்வலை பரவியபின் பெரும்பாலானவை கைவிடப்பட்டன. அந்த மின்சாரம் லயங்களுக்கும் வந்ததோ என்று கேட்டோம். பெரியவர் நகைத்தார். “ஸ்டோருக்குப் போகும், பங்களாவுக்குப் போகும். லயத்துக்கு ஏதுங்க மாஸ்டர்?” என்றார். அம்மக்களின் வாசலைக் கடந்தோடிய நீரே ஒளியாயிற்று. அவ்வொளியும் அவர்களைக் கடந்தே சென்றது.

2022ஆம் ஆண்டு வந்தது. அந்நியச் செலாவணி வற்றி, எரிபொருள் வாங்க வகையற்று, நாடு இருளில் மூழ்கியது. மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு நிகழ்ந்தது. மே மாதம் 23ஆம் நாளிற் க. பொ. த. சாதாரணதரப் பரீட்சை தொடங்கவிருந்தது. மண்ணெண்ணெய்க்கும் மக்கள் வரிசையில் நின்றனர். முப்பதாண்டுக்குமுன் நாம் கடந்த இருளை நம் மாணவரும் கடக்கக் கண்டு நெஞ்சம் பொறுக்கவில்லை. ஆசிரியர் நால்வர் பணஞ்சேர்த்து, சூரியத் தகடொன்றும், பழைய வாகனப் பற்றரியொன்றும், எல்.ஈ.டி. மின்குமிழ்கள் சிலவும் வாங்கி, வகுப்பறையொன்றுக்கு ஒளியேற்றினோம். கொழுந்து நிறுத்து வீடு திரும்பிய தாய்மார், பிள்ளைகளைக் கூட்டிவந்து விட்டுத் திண்ணையிற் காத்திருந்து அழைத்துச் செல்வர்.

பரீட்சை முடிந்து சில மாதங்களிற் பற்றரி செயலிழந்தது. குற்றம் நம்முடையதே. வாகனப் பற்றரி, இயந்திரத்தைக் கிளப்பும் கணநேர விசைக்கென ஆக்கப்பட்டது. இரவுதோறும் அதனை அடிவரை வடித்தால், ஈயத் தகடுகளிற் சல்பேற்றுப் படிந்து இறுகிவிடும். வீடுகளுக்கென இன்று வரும் இலிதியம் இரும்புப் பொசுபேற்றுப் பற்றரிகளோ ஆயிரக்கணக்கான முறை நிரப்பி வடிப்பினும் தாங்குவன. விலைதான் நம்போல்வார்க்கு எளிதில் எட்டுவதன்று.

அவ்வகுப்பறையிற் படித்த மாணவி ஒருத்தியின் தாயார் ஒருநாள் நம்மை அணுகினார். “எங்க லயத்துக் கூரையிலயும் இப்படி ஒண்ணு வச்சுக்கலாமா மாஸ்டர்? சீட்டுப் போட்டுக் கொஞ்சம் காசு சேர்த்திருக்கேன்” என்றார். தாராளமாக வைக்கலாம் என்றும், வேண்டிய அலுவல்களை நாமே பார்ப்போம் என்றும் சற்றும் சிந்தியாது வாக்களித்தோம். கூரையிற் பெறும் மின்னை மின்வலைக்குக் கொடுத்துக் கணக்குத் தீர்க்கும் வசதி, 2016 செப்டெம்பரில் தொடங்கிய ‘சூரிய பல சங்கிராமய’ திட்டத்தால் நாடெங்கும் விரிந்திருந்தது. அதற்குக் கடனும் கிடைக்குமெனக் கேள்வியுற்றிருந்தோம். ஆகவே, கடன் வழங்கும் இடமொன்றுக்குச் சென்று விசாரித்தோம். மேசைக்கு அப்பாலிருந்தவர் ஒரேயொரு வினாவை வினாவினார்: “வீட்டு உறுதி யாருடைய பெயரில் இருக்கிறது, சேர்?” விடையின்றி எழுந்து வந்தோம்.

தோட்ட நிலங்கள் 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை கம்பனிகளுக்கு விடப்பட்டது. தலைமுறை தலைமுறையாக லயத்தில் வாழ்வோருட் பெரும்பாலோர்க்கோ, தாம் உறங்கும் காம்பராவுக்கு உறுதி இல்லை. இவ்வுண்மையை அத்தாயாரிடம் உரைக்கும் துணிவு நமக்கு நெடுநாள் வரவில்லை. இன்று நாளை என்று நாட்கடத்தினோம். ஈற்றில் உரைத்தபோது அவர் சினக்கவில்லை. “வெயில் மட்டும் எங்க கூரையில விழுது பாருங்க” என்று சொல்லிக் கூடையை எடுத்துக்கொண்டு மலையேறினார். அச்சொல் இன்றும் நம் செவியில் நிற்கின்றது.

சொந்தக் கூரை உடையார்க்கும் குறை இல்லாமலில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின்நிலையத்திற் குரங்கொன்று புகுந்ததே காரணமென முதலிற் கூறப்பட்டது. வெயில் மின் மிகுந்து பாவனை குறைந்திருந்த வேளையில் மின்வலை நிலைதளர்ந்திருந்தமையும் பின்னர்ப் பேசப்பட்டது. கூரைநிறையச் சூரியத் தகடு பதித்த வீடுகளும் அன்று பட்டப்பகலில் மின்னின்றிக் கிடந்தன. மின்வலை நின்றால், அதனோடு இணைந்த கருவி தானும் நின்றுவிடும். கம்பியிற் பணிபுரிவோரின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது. தனியே பற்றரி அமைத்தோர் மாத்திரமே ஒளி கண்டனர். அவ்வாண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையிலோ, ஏப்பிரல் 13 முதல் 21 வரை பிற்பகல் 3 மணிவரை கூரைத் தகடுகளை நிறுத்திவைக்குமாறு இலங்கை மின்சார சபையே வேண்டிக்கொண்டது. நண்பகலில் ஒளி மிகுந்து வீணாகின்றது. மாலையில் விளக்கேற்றும் வேளையில் ஞாயிறு இல்லை. பகலெல்லாம் மலையில் நிற்கும் கொழுந்து பறிப்பவர்க்கு வேண்டியதோ அம்மாலை ஒளியே. ஆதலாற் பற்றரியற்ற தகடு, குதிர் இல்லாத விளைச்சலை ஒக்கும்.

அண்மையிற் பதுளை நண்பர் ஒருவர் தமது மின்காரில் நம்மை அப்புத்தளைக்கு அழைத்துச் சென்றார். பதுளை கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 680 மீற்றர். அப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேல். ஏறும்போது விரைந்து குறைந்த பற்றரியின் அளவு, இறங்கும்போது சிறிது சிறிதாகக் கூடிற்று. இறக்கத்திற் சில்லுகள் மோட்டாரைச் சுழற்ற, அதுவே மின்பிறப்பாக்கியாகின்றது என்று நண்பர் விளக்கினார். தலைகீழாக நின்ற நம் பழைய மிதிவண்டி நினைவுக்கு வந்தது. நண்பகலில் இத்தகைய கார்களுக்கு மின்னேற்றினால், மிகுந்த வெயிலும் ஒருவாறு பயன்படும். ஆயினும் கார் நிறுத்த ஒரு கொட்டிலும் அதன்மேல் ஒரு கூரையும் உடையார்க்கே அப்பேறும் வாய்க்கும்.

நாம் சொல்ல விழைவது ஒன்றே. ஓடைநீராயினும் வெயிலாயினும், ஒளி பிறக்கும் இடம் மாறுவதால் மாத்திரம் அது சென்றடையும் இடம் மாறிவிடாது. லயத்தார்க்கு நிலமும் வீடும் உறுதியோடு உரியவாகும் நாளே அவர் கூரைமேற் கதிரவன் உதிக்கும் நாள். அதுவரை பொதுக் கூரைகள் உள. இந்திய நன்கொடையால் 5,000 வழிபாட்டிடங்களிற் சூரியத் தகடு அமைக்கும் திட்டம் 2025 ஏப்பிரல் 5ஆம் நாள் தொடக்கிவைக்கப்பட்டது. தோட்டத்துக் கோயிலும் பள்ளிக்கூடமும் தத்தம் கூரையில் ஒரு தகடும், உள்ளே ஒரு நல்ல பற்றரியும் பெறுமாயின், மாலைதோறும் பிள்ளைகள் கூடிப் படிக்க ஓரிடம் உண்டாகும்.

நம் கல்லூரியிற் பயின்றோருட் பொறியியலாளர் உளர், சட்டத்தரணிகள் உளர், கடல்கடந்து வாழும் செல்வர் உளர். முன்னவர் பற்றரியைப்பற்றியும், அடுத்தவர் உறுதியைப்பற்றியும், பின்னவர் இவ்விரண்டைப்பற்றியும் சிறிது சிந்திப்பாராக. ஜாம் போத்தல் விளக்கிற் படித்த நாம், அவ்விளக்கு இன்னொரு தலைமுறையின் மேசைக்கும் வரவிடலாகாது. நாம் தவறிய வாக்கை நிறைவேற்ற நண்பர்கள் துணைபுரிவரேல், அத்தாயாரின் முகத்தை நாணமின்றி நோக்குவோம்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க அதன் பணி!