வச்சிடட்டுமா?

செல்போனில் பேசி முடிக்கும்போது இன்றைக்கும் "சரி, வச்சிடட்டுமா?" என்றுதான் கேட்கிறோம். வைப்பதற்கு இப்போது எதுவும் இல்லை. திரையில் சிவப்பு வட்டத்தைத் தொட்டால் முடிந்தது. ரிசீவரைத் தாங்கியில் வைத்த காலத்துச் சொல் அது. ஆங்கிலத்தில் இதற்கு 'ஹேங் அப்' என்கிறார்கள். அது நம்முடையதைவிடவும் பழைய போனிலிருந்து வந்தது. சுவரில் மாட்டிய அந்தப் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு கொக்கி நீட்டிக்கொண்டிருக்கும். காதில் வைக்கும் குழலை அதில் தொங்கவிட்டால் அதன் எடையில் கொக்கி கீழே இறங்கும், லைன் துண்டாகும். கொக்கி எப்போதோ போய்விட்டது. சொல் இருக்கிறது.

போன் என்றதும் சித்தி வந்துவிடுகிறாள். மதுரை டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே 1960லேயே ஆபரேட்டர் இல்லாமல் நேரே டயல் செய்யும் எஸ்.டி.டி. வந்துவிட்டாலும், எங்கள் பக்கத்து ஊர்கள் நெடுங்காலம் டிரங்க் காலை நம்பித்தான் இருந்தன. ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று வகை. புக் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மூன்று நிமிடம் ஆனதும் குறுக்கே ஒரு பெண்குரல் வந்து நீட்டிக்கட்டுமா என்று கேட்கும். அந்தக் குரல்களில் ஒன்று சித்தியுடையது.

அவளுடைய ஆங்கிலம் முழுக்க அந்த ஹெட்ஃபோனுக்குள் வளர்ந்தது. 'ஹோல்ட் ஆன்', 'கோ அஹெட்', 'புட்டிங் யூ த்ரூ'. 'கனெக்ட்' என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. நுனியில் பித்தளை முளை வைத்த கார்டை எடுப்பாளாம், எதிரே இருக்கும் பலகையில் சரியான துளையில் செருகுவாளாம், ஒரு சாவியைத் தள்ளுவாளாம். சொல்லும்போதே வலது கை காற்றில் செருகிக் காட்டும். 'புட்' என்பது அந்தக் கை. 'த்ரூ' என்பது குரல் போகிற வழி. நைட் டூட்டி முடிந்து பகலில் தூங்கும்போதும் உதடு 'ஹோல்ட் ஆன்' என்று அசையும்.

பள்ளியில் அதே 'புட்' எங்களுக்கு வேறு முகத்தோடு வந்தது. இலக்கணப் புத்தகத்தில் இரண்டு பத்தி: இடப்பக்கம் 'புட் ஆஃப்', வலப்பக்கம் 'போஸ்ட்போன்'. 'புட் அவுட்' என்றால் 'எக்ஸ்டிங்விஷ்'. 'புட் அப் வித்' என்றால் 'டாலரேட்'. மனப்பாடம் செய்தோம். கட்டுரை எழுத உட்கார்ந்தால் வலப்பக்கத்துச் சொற்கள் மட்டும்தான் பேனாவில் வந்தன. ஆங்கிலக் குழந்தைக்கு வரிசை நேர்மாறு. விளக்கை 'புட் அவுட்' செய்யச் சொல்லி அம்மா படுக்கவைப்பாள். 'எக்ஸ்டிங்விஷ்' பல வருடம் கழித்துப் புத்தகத்தில் வரும். கடைசிப் பாடத்தை முதலில் நடத்தியதால்தான் நம் ஆங்கிலம் கல்யாண வீட்டில் பேசினாலும் தாலுகா ஆபீஸ் மனு மாதிரி ஒலிக்கிறது. இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

தாலுகா ஆபீஸில் அப்பா கிளார்க். அங்கே ஒரு 'புட்' தமிழாகவே ஆகிவிட்டிருந்தது. "அந்த ஃபைலை புட்டப் பண்ணியாச்சா?" மேலதிகாரியின் பார்வைக்கு வைப்பது என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. காகிதம் கீழிருந்து மேலே போகிறது, 'அப்' சரிதானே. இப்படித்தான் வேலையோடு வந்த ஜோடிகள் நம்மிடம் தங்கிவிட்டன. ஷூட்டிங் முடிந்தால் பேக்கப். பிளஸ் டூ ரிசல்ட் வந்தால் கட் ஆஃப். வண்டி ஏற்றத்தில் திணறினால் பிக்கப் இல்லை. ஒருவரும் இவற்றைப் பட்டியல் போட்டுப் படித்ததில்லை.

இந்தச் சேர்க்கைகளுக்கு 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயர் அச்சேறியது 1925இல், லோகன் பியர்சால் ஸ்மித்தின் புத்தகத்தில். பெயரைச் சொன்னவர் ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி. வழக்கோ மிகப் பழையது. 'டேக்', 'கெட்' இரண்டும் வைக்கிங்குகளின் மொழியிலிருந்து வந்தவை. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரண்மனையும் கோர்ட்டும் பிரெஞ்சுக்குப் போயின. படிப்பு லத்தீனில். அடுப்படியில் நின்ற குட்டி வினைகள் புதுப் பொருள் வேண்டும்போதெல்லாம் 'அப்', 'அவுட்', 'ஆஃப்' என்று பக்கத்தில் ஒன்றைச் சேர்த்துக்கொண்டன. சாமுவேல் ஜான்சன் 1755இல் தன் அகராதி முன்னுரையில், வெளிநாட்டாருக்கு மிகக் கடினமானவை இவைதான் என்று எழுதி, தனிக் கவனம் எடுத்துத் தொகுத்தார். 'டேக் ஆஃப்' என்பதற்கு அங்கே அவர் தந்த பொருள் நகலெடுப்பது. விமானம் பறக்க இன்னும் ஒன்றரை நூற்றாண்டு இருந்தது.

1930இல் சி. கே. ஆக்டன் என்பவர் 850 சொல்லில் உலகத்துக்கே ஒரு எளிய ஆங்கிலம் செய்தார். அதில் வினைகள் பதினெட்டுதான். மிச்சத்தை 'புட்', 'கெட்', 'டேக்' வகையறாவும் திசைச் சொற்களும் சேர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டியல் சிறியது, பாரம் பெரியது. சித்தி போலக் கையால் கற்றவருக்கு அது எளிது. காகிதத்தில் கற்பவருக்கு ஒவ்வொரு ஜோடியும் ஒரு புதுச் சொல்.

நம் ஊர் ஆங்கிலத்தைச் சிலர் கேலி செய்வது எனக்குப் பொறுக்காது. '2010இல் பாஸ் அவுட் ஆனேன்' என்றால் மயங்கி விழுந்தாயா என்று கேட்பார்கள். பரங்கிமலை ராணுவ அகாடமியில் பயிற்சி முடித்தவர்கள் நடப்பது 'பாஸிங் அவுட்' அணிவகுப்பு. பிரிட்டிஷ் ராணுவத்துச் சொல்லே அதுதான். 'கோப் வித்' என்பதை நாம் 'கோப் அப் வித்' ஆக்கியதும் அப்படித்தான், காரணத்தோடு வந்தது. 'கீப் அப் வித்', 'புட் அப் வித்' கேட்டுப் பழகிய காது அந்த 'அப்'பைத் தானே எதிர்பார்க்கிறது.

தமிழ்க் காதுக்கு இந்தக் கணக்கு புதிதும் இல்லை. 'காட்டிக்கொடு' என்பதில் காட்டுவதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. ஆங்கிலத்தில் 'கிவ் அவே' என்கிறார்கள். 'விட்டுக்கொடு' அங்கே 'கிவ் இன்'. பாலை மிச்சம் வைக்காமல் 'குடித்துவிடு' என்றால் 'டிரிங்க் அப்'. நம் 'விடு' செய்கிற வேலையை அவர்களுடைய 'அப்' செய்கிறது. ஆங்கிலம் சொல்லித்தரும்போது ஒன்பதாம் வகுப்புக்கு நான் இப்படித்தான் ஆரம்பிப்பேன், புத்தகத்தை மூடிவைக்கச் சொல்லிவிட்டு.

ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "வீடு எரிஞ்சா 'பர்ன் டவுன்', பேப்பர் எரிஞ்சா 'பர்ன் அப்'. தீ எப்பவும் மேலதானே டீச்சர் போகும்?" தீயைப் பார்க்காதே, எரிகிற பொருளைப் பார் என்றேன். வீடு கூரை இறங்கித் தரையோடு தரையாகிறது. பேப்பர் மிச்சமில்லாமல் தீர்ந்துவிடுகிறது. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "அப்போ மெழுகுவத்தி?" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் பாதி வகுப்பு 'டவுன்' என்று கத்திவிட்டது.