ஸ்டேட்டஸ்ல போட்டிருந்தேனே, பாக்கலியா?

டொரொண்டோ



விழுப்புரத்தில் என் சித்தப்பா மகள் வீட்டில் மஞ்சள் நீர்ச் சடங்கு நடந்தது எனக்குத் தெரியும். திண்டிவனத்தில் பெரியம்மா பேரன் புது புல்லட் வாங்கி, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்ததும் தெரியும். மயிலம் மலையில் யாருக்கோ காதுகுத்து. அழுத குழந்தையின் முகம்கூடத் தெரியும். இதில் ஒன்றைக்கூட எனக்கு யாரும் சொல்லவில்லை. “ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்று கேட்டால் பேசிவைத்துக்கொண்டதுபோல் எல்லாரும் ஒரே பதில் சொல்கிறார்கள்: “ஸ்டேட்டஸ்ல போட்டிருந்தேனே, பாக்கலியா?”

கேட்டவன்தான் குற்றவாளி.

எங்கள் பக்கம் தாம்பூலத் தட்டோடு வீடுவீடாகப் போய்ப் பத்திரிகை வைப்பார்கள். தாய்மாமனுக்கு முதலில் வைக்காமல் பங்காளிக்கு வைத்துவிட்டால், அந்தக் கோபம் கல்யாணப் பந்தி வரை வரும். அபத்தமான சண்டை என்று இளவயதில் நினைத்ததுண்டு. இப்போது அப்படித் தோன்றவில்லை. என்னை நினைத்து, என் வாசல் தேடி வந்தாயா என்பதுதான் அந்தச் சண்டையின் உள்ளடக்கம். ஸ்டேட்டஸில் யாருக்கும் முதலில் வைப்பதில்லை, யாரையும் விட்டுவிடுவதுமில்லை. கோபித்துக்கொள்ளக்கூட ஒருவனுக்கு வழியில்லாமல் செய்துவிட்டார்கள்.

இந்த ஸ்டேட்டஸ் பிறந்த கதை வேடிக்கையானது. 16 வயதில் உக்ரைனிலிருந்து தாயோடு கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்த ஜான் கூம் 2009-ல் வாட்ஸ்அப்பைத் தொடங்கியபோது, அது செய்தி அனுப்பும் செயலியே அல்ல. போனில் உள்ள பெயர்களுக்குப் பக்கத்தில் ‘வேலையாக இருக்கிறேன்’, ‘பேட்டரி தீரப்போகிறது’ என்று ஒரு வரி தெரிய வேண்டும், அவ்வளவுதான். நம்மைக் கூப்பிட வருபவரிடம், இப்போது வேண்டாம், பிறகு கூப்பிடு என்று சொல்லும் மரியாதை அது. அந்த வரிக்கு எதிரில் ஓர் ஆள் நின்றார். 2014-ல் ஃபேஸ்புக் அதை வாங்கியது. 2017 பிப்ரவரியில் அந்த வரியை எடுத்துவிட்டு, 24 மணி நேரத்தில் மறையும் படங்களை வைத்தார்கள். பழைய வரி வேண்டுமென்று பயனர்கள் சத்தம் போட்டதும் அதையும் ஒரு மூலையில் திருப்பிக் கொடுத்தார்கள். என் மாமா ஒருவரின் பெயருக்குக் கீழே, தான் வாட்ஸ்அப் பயன்படுத்துவதாக ஆங்கில அறிவிப்பு இன்னமும் இருக்கிறது. அதற்கு மேல் அவர் உலகத்துக்கு எதுவும் அறிவித்ததில்லை. குடும்பத்தில் நான் அதிகம் மதிக்கும் மனிதர் அவர்.

படங்கள் தாமாக ஓடுவதில் ஒரு கொடுமை உண்டு. ஒருவர் கண்ணீர் அஞ்சலி போட்டிருப்பார். இறந்தவர் யார் என்று கண் கூர்மையாவதற்குள் அது நகர்ந்து அடுத்தவர் வீட்டுப் பிரியாணி வந்துவிடும். திரும்பிப் போய்ப் பார்த்து, கைகூப்பும் பொம்மை ஒன்றை அழுத்தினால் துக்கம் விசாரித்தாகிவிட்டது. அதையும் அழுத்த வேண்டியதில்லை. பார்த்தவர்கள் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். என் சித்தி அந்தப் பட்டியலை மொய் நோட்டு மாதிரி வைத்திருக்கிறார். “நீ பாத்த, உங்க அண்ணன் இன்னும் பாக்கல” என்று கணக்குச் சொல்வார்.

2024 நவம்பர் 30, சனிக்கிழமை இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. ஏறிய புயல் நகராமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை. டிசம்பர் 2-ஆம் தேதி விடியற்காலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட, தென்பெண்ணை கரை மீறியது. அரசூர் பக்கம் நெடுஞ்சாலையில் ஆறு ஓடியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலான ரயில் பாலத்தைத் தண்ணீர் தொட்டதால் ரயில்களும் நின்றன. இங்கே எனக்குப் பகல், அங்கே இரவு. கையில் போனை வைத்துக்கொண்டு, உறவுக்காரர்களின் ஸ்டேட்டஸைக் காட்டும் பச்சை வட்டங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன்.

வெள்ளம் தத்ரூபமாகத் தெரிந்தது. மாடியிலிருந்து எடுத்த சாலை, மிதக்கும் பைக், சினிமாப் பாட்டு பின்னணியோடு மழை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது: இவை எல்லாம் கரண்ட் இருக்கும் வீடுகளிலிருந்து வருகின்றன. மாடி இருப்பவர், சார்ஜ் இருப்பவர், டவர் கிடைப்பவர் போடுகிறார். கழுத்தளவு சிக்கலில் இருந்தவரின் பெயர் அந்த வரிசையிலேயே இல்லை. தாழ்வான தெருவில் ஓட்டு வீட்டில் இருக்கும் என் அத்தை மகனுக்கு எந்த வட்டமும் வரவில்லை. அவன் நம்பருக்கு மணியும் அடிக்கவில்லை. பார்ப்பதை நிறுத்திவிட்டு, யார் வரவில்லை என்று தேட ஆரம்பித்தேன். மேடான தெருவில் இருந்த பழைய சிநேகிதன் ஒருவனைக் கூப்பிட்டேன். அவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் நடந்துபோய்ப் பார்த்துவந்து சொன்னான்: பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறார்கள், சோறு கிடைக்கிறது, பீரோ போய்விட்டது.

நான் ஒரேயடியாக ஸ்டேட்டஸை வெறுப்பவனல்ல. திண்டிவனத்தில் உறவுக்காரப் பெண் ஒருத்தி ஆரி வேலை செய்த ரவிக்கைகளைப் படமெடுத்துப் போடுகிறாள். கடை வாடகை இல்லை, விளம்பரச் செலவு இல்லை, ஆர்டர் வருகிறது. அது சரக்கு, கடை விரித்தால்தான் விற்கும். வாழ்க்கையையும் அப்படியே விரிப்பதில்தான் எனக்குத் தகராறு.

திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கல்தான் சங்ககால ஓய்மான் நாட்டு மன்னன் நல்லியக்கோடனின் ஊர். அவனைப் பாடிய சிறுபாணாற்றுப்படையைப் படித்தால், நம்மாட்கள் சாப்பாட்டுப் படம் போடுவது புதிதல்ல என்று தெரியும். எயிற்பட்டினத்தில் சுட்ட மீன், வேலூரில் புளி சேர்ந்த சோறு, ஆமூரில் வெண்சோற்றோடு நண்டு என்று ஊர் ஊராக விருந்து வர்ணிக்கப்படுகிறது. பீற்றல்தான். ஆனால் பரிசு பெற்றுத் திரும்புகிற பாணன், வழியில் எதிர்ப்பட்ட பசித்த பாணன் ஒருவனை நிறுத்தி, நீயும் போ, இந்த வழியாகப் போ என்று சொல்கிற பீற்றல் அது.

அதே பாட்டில் இன்னொரு காட்சி உண்டு. பாணன் வீட்டு அடுப்படியில் அப்போதுதான் குட்டி போட்ட நாய். பசியில் வாடிய பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளி உப்பில்லாமல் வேகவைக்கிறாள். அக்கம்பக்கத்தார் கண்ணில் படக் கூடாதென்று வெட்கப்பட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு சுற்றத்தோடு தின்கிறாள். ஊருக்குத் தெரியாமல் சாத்திய அந்தக் கதவை, பாட்டில் பாணனே திறந்து காட்டுகிறான், தன்னைப் போலவே பசித்த ஒருவனுக்கு மட்டும். வெள்ளத்தில் போன அத்தை மகனின் பீரோவில் நகைக்கடன் ரசீதும் மகளின் சான்றிதழ்களும் இருந்தன. அதை அவன் எனக்குப் போனில், குரலைத் தாழ்த்தி, வீட்டுக்காரி தூங்கிவிட்டாளா என்று பார்த்துக்கொண்டு சொன்னான். மறுநாள் அவன் ஸ்டேட்டஸில் இருந்தது, ‘இதுவும் கடந்து போகும்’ என்ற வாசகத்தோடு ஒரு சூரிய உதயம். 180 பேர் பார்த்திருந்தார்கள். அதில் ஒருவர்கூட அவனைக் கூப்பிடவில்லை என்று அவனே சொன்னான், வருத்தமில்லாமல்.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். டிக்கெட்டைப் படம் பிடித்து எங்கேயும் போடவில்லை. சித்திக்கு மட்டும் போன் செய்து, யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். நேற்று புல்லட்காரப் பையனிடமிருந்து வாய்ஸ் மெசேஜ்: “மாமா, விழுப்புரத்துல எறங்குறீங்களா, திண்டிவனத்துலயா? சித்திப் பாட்டி தெருவுக்கே சொல்லிட்டாங்க, எந்த ஸ்டேஷனுக்கு வண்டி எடுத்தாரணும்?”

அன்புடன்,
உங்கள் டொரொண்டோக்காரன்