படிக்க மட்டும்

என் பேராசிரியர் மறைந்து ஓராண்டு கழித்து, அவர் துணைவியார் ஒரு பழைய வன்தட்டை என்னிடம் தந்தார். ஐயா முப்பதாண்டுகளாகச் சுவடிகளை ஒப்பிட்டுக் குறித்த பாடவேறுபாடுகள் அதில் இருந்தன. அவர் கடைசியாகத் தட்டச்சு செய்த இரவில் மின்சாரம் போயிற்று. அதன்பின் அக்கணினியை எவரும் இயக்கவில்லை.

பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் என்னிடம் படித்து, இன்று மென்பொருள் எழுதும் மாணவர் ஒருவரை அழைத்தேன். "அப்படியே செருகிவிடாதீர்கள் ஐயா" என்றார்.

லினக்ஸில் திரைக்குப் பின்னே ஓயாமல் இயங்கும் நிரலை டீமன் என்பார்கள். (பேயன்று. இயற்பியலாளர் மேக்ஸ்வெல் கற்பனை செய்த, மூலக்கூறுகளைப் பிரித்தனுப்பும் ஏவலாளிலிருந்து வந்த பெயர்.) செருகிய தட்டைத் தானே இணைத்துத் தரும் டீமன் ஒன்றை அவர் எழுதி வைத்திருந்தார். அதற்கு அன்று புதியதொரு கட்டளைவரித் தெரிவைச் சேர்த்தார்: படிக்க மட்டும்.

ஒரு சொல்லைச் சேர்க்கும் வேலைதானே என்றிருந்தேன். அப்படியன்று. லினக்ஸில் ஒரு கோப்பைப் படித்தாலே, படித்த நேரம் தட்டில் பதிவாகக்கூடும். வாசிப்பும் ஓர் எழுத்துதான்! இன்னொன்று என்னைத் திடுக்கிட வைத்தது. எக்ஸ்ட்4 என்னும் கோப்பு முறைமை திடீரென நின்றுபோயிருந்தால், படிக்க மட்டும் என்று சொல்லி இணைத்தாலும், தன் குறிப்பேட்டைப் பார்த்து அரைகுறை வேலைகளைத் தட்டில் எழுதி முடித்துவிடும். நல்லெண்ணத்தில்தான். ஏடு பெயர்த்தெழுதியோர் பலர் மூலத்தைத் 'திருத்தியதும்' நல்லெண்ணத்தில்தானே?

ஆகவே, தட்டையே எழுதமுடியாதபடி முதலில் பூட்டுமாறு தெரிவை மாற்றினார். இப்போது இணைப்பே மறுக்கப்பட்டது. "பார்த்தீர்களா, எழுதத்தான் முயன்றிருக்கிறது" என்று சிரித்தார். குறிப்பேட்டைத் தொடாதே எனப் பொருள்படும் 'நோலோட்' என்பதையும் சேர்த்த பிறகே தட்டு திறந்தது.

கடைசிக் கோப்பு பாதி வரியில் நின்றிருந்தது. புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் இருந்த இடம் இன்றும் வெற்றிடம்தான், உ.வே.சா. 1894இல் பதிப்பித்தபோது அங்கே எதையும் இட்டு நிரப்பவில்லை. அந்தப் பாதி வரியை அப்படியே விட்டுவிடலாமா என்று எனக்குள் ஒரு தயக்கம்.

மாணவர் தட்டு முழுவதையும் நகலெடுத்து, நகலில் மட்டும் குறிப்பேட்டை இயங்கவிட்டார். மேலும் இரண்டு வரிகள் வந்தன. இரண்டாவதில், ஒரு சொல்லுக்கு இரு பாடங்களைத் தந்து, இரண்டின் பக்கத்திலும் கேள்விக்குறி இட்டிருந்தார் ஐயா.