பாடு தவறினால்

போன ஞாயிறு பழவேற்காடு போயிருந்தேன். கோட்டைக்குப்பத்தில் வலை தைத்துக்கொண்டிருந்த பெரியவரிடம் பேச்சுக்கொடுத்தேன். ஏரியில் இறாலுக்கு வலை கட்டுவது அங்கே 'பாடு' முறைப்படி: இன்றைக்கு எந்த இடம், யாருக்கு என்பது சீட்டிலும் முறையிலும் தீரும். "முறை தவறினா?" என்றேன். "ஊர் கூடும். அபராதம். கட்டுறவரைக்கும் தண்ணியில எறங்க முடியாது, தம்பி" என்றார், வலையிலிருந்து கண்ணெடுக்காமல்.

தவறு செய்தவரை ஏரிக்கு வெளியே நிறுத்துவதைக் கேட்டதும், திரும்பும் வழியெல்லாம் அரசாங்க டெண்டர்தான் மனதில் ஓடியது. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017இல் 151ஆம் விதி இருக்கிறது. ஊழல் தடுப்புச் சட்டத்தில் தண்டனை பெற்றவரை ஒப்பந்தப்புள்ளியிலிருந்து 3 ஆண்டு வரை விலக்க வேண்டும். உயிருக்கோ உடைமைக்கோ சேதம், பொதுச் சுகாதாரத்துக்கு ஆபத்து என்றாலும் விலக்க வேண்டும். ஆனால் அது அரசு ஒப்பந்த வேலையைச் செய்யும்போது நடந்திருக்க வேண்டும், தண்டனையும் ஆகியிருக்க வேண்டும். நம் ஊரில் ஒரு வழக்கு முடிவதற்குள் பேரன் வலை பிடிக்கப் பழகிவிடுவான்.

தன் சொந்த ஆலைக்கழிவால் கழிமுகத்தைக் கெடுத்த கம்பெனி, அடுத்த மாதமே அரசுக்குச் சாலை போட டெண்டர் போட்டால்? இந்த விதி தடுக்காது. கழிமுகம் கெட்டால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும்: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது, மீனவர்கள் அதைக் கையால் வாளியில் அள்ளியதைப் பார்த்தோமே.

குப்பத்தில் முறை தவறினவரை வெளியே நிறுத்துவதில் இரண்டு கருத்து இல்லை. ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் நீங்களும் கேளுங்கள்: ஒப்பந்த வேலைக்கு வெளியே செய்த குற்றத்தையும் 151இல் சேர்ப்பீர்களா?