சாமி இல்லைன்னவருக்கு சொர்க்கம் உண்டா?

2013 ஆகஸ்ட் 20 காலையில, இங்கே புனேல ஓங்காரேஸ்வரர் கோயில் பக்கத்துப் பாலத்துல நடைப்பயிற்சி போன டாக்டர் நரேந்திர தபோல்கரைச் சுட்டுக் கொன்னாங்க. கடவுள் நம்பிக்கை இல்லாதவர். பில்லி சூனியம்னு ஏழைகளை ஏமாத்தறவங்களை எதிர்த்தே வாழ்ந்தவர். சதாரால குடிநோயாளிகளுக்கு மறுவாழ்வு மையமும் தொடங்கினார். அவர் பல வருஷம் போராடிக் கேட்ட சட்டம், அவர் போனப்புறம் அந்த டிசம்பர்லதான் நிறைவேறுச்சு.

ஊர்லேர்ந்து வந்த அம்மாகிட்ட இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "பாவம்டா, சாமி அவரைச் சேர்த்துக்கும்ல?"ன்னாங்க. தபோல்கரைப் பத்தி மட்டும் கேட்கலைனு புரிஞ்சுது. காலேஜ் போற எங்க பையனும் இப்ப சாமி கும்பிடறதில்லை.

நமக்குத் தெரிஞ்சது பேங்க் புத்திதான். கணக்கு திறக்கணும்னா ஆதாரம், பான் கார்டுன்னு கேட்போம். வர்றவர் யாருன்னு எங்களுக்குத் தெரியாது, அதான் காகிதம் கேட்கறோம். எல்லாம் தெரிஞ்சவருக்குக் காகிதம் எதுக்குங்க?

"அப்ப நாம கும்பிடறது வீணா?"ன்னு கேட்பீங்க. இல்லை. அது நம்ம மனசுக்கு. ஆனா தன்னை இல்லைன்னு சொன்னான்கிறதுக்காக ஒரு நல்ல மனுஷனை வாசல்லயே நிறுத்தற சாமியை நான் இத்தனை வருஷமா கும்பிடலை. அம்மாகிட்டயும் இதையேதான் சொன்னேன்.