ஏக்கருக்கு இருபத்தாறு நடை

டிராக்டர் வச்சிருக்கறவன் உழவு மட்டும் ஓட்டிப் பிழைக்க முடியாதுங்க. உழவு வருஷத்துல கொஞ்ச நாள்தான். பேங்க் தவணை அப்படியில்ல, சொன்ன தேதிக்கு வந்து நிக்கும். அதனாலதான் டிப்பர் பெட்டி வாங்கினேன். எரு, செங்கல், ஜல்லி எல்லாம் அடிப்பேன். கோடையில ஏரி வண்டல்.

2024லேருந்து வண்டலுக்குத் தாசில்தாரே அனுமதி தரலாம். முன்னெல்லாம் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் நடக்கணும். நஞ்சை ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90. மண்ணுக்குக் காசு கிடையாது. ஆனா மண்ணு தானா நடந்து காட்டுக்கு வராதே, அதுக்குத்தான் எனக்கு வாடகை. என் பெட்டி பத்தடி நீளம், ஆறடி அகலம், ரெண்டடி உயரம். மட்டமா நிரப்பினா 120 கன அடி. புஞ்சை ஒரு ஏக்கருக்கு இருபத்தாறு நடை அடிக்கணும்.

ஈர வண்டல் ஒரு நடை அஞ்சு டன்னுக்குக் குறையாது. கரை ஏறும்போது முன்சக்கரம் தூக்கப் பார்க்கும். இறங்கும்போது பெட்டி பின்னாலேருந்து நெட்டித் தள்ளும், அதுக்குத் தனியா பிரேக் கிடையாது. டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல விடுறவங்க உண்டு. நான் சின்ன கியர்லதான் இறங்குவேன். கொட்டுறது அதைவிட மோசம். பின்பாதி சரிஞ்சிடும், முன்பாதி பெட்டியோட ஒட்டிக்கிட்டு உச்சியில தொங்கும். தரை ஒருபக்கம் சாஞ்சிருந்தா வண்டியே கவிழும். அந்த நேரம் பார்த்து "வரப்போரமா கொட்டுப்பா"ன்னு ஒரு பெரியவர் கை காட்டுவார். மேல கரண்டு கம்பி போகுதான்னு அவர் பார்க்க மாட்டார், நான்தான் பார்க்கணும். தூக்கின பெட்டிக்கு அடியில எவனையும் விடமாட்டேன். ஹைட்ராலிக் ஹோஸ் வெடிச்சா பெட்டி அப்படியே உட்கார்ந்துடும்.

இந்த வருஷம் மேலக்காட்டு அத்தைக்கு அடிக்கிறேன். கடலை போடுற ஒரு ஏக்கர் செம்மண், தண்ணி நிக்காத நிலம். நடுவுல செங்கல் சூளை புரோக்கர் ஒருத்தர் வந்தார். "ராத்திரி நாலு நடை இந்தப் பக்கம் திருப்புப்பா, ரெண்டு மடங்கு வாங்கிக்கோ, கையில காசு." தவணைக்குப் பத்து நாள் இருந்துச்சு. அத்தையோ கடலை பிடுங்கித்தான் வாடகை தரும்.

"அண்ணே, அது அத்தை பேர்ல வாங்கின மண்ணு"ன்னு சொல்லிட்டேன். என்னைப் பெரிய யோக்கியன்னு நினைச்சுடாதீங்க. பிடிபட்டா வண்டி ஸ்டேஷன்ல துருப்பிடிக்கும், அந்த பயமும் இருந்துச்சு. தவணைக்கு வீட்டுக்காரி செயின் அடகுக்குப் போச்சு. அவ ரெண்டு நாள் பேசலை.

அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு நடைக்கும் வரப்புல ஒரு கூழாங்கல் வைக்கும். நேத்து எண்ணினப்போ பதினேழு. மிச்சம் ஒம்பதையும் மழைக்குள்ள முடிக்கணும். ஏரியில தண்ணி வந்துட்டா வண்டி இறங்காது.