அழிந்துபோன ஒலிநாடா

கல்லூரியில் படிக்கும் மகன் விடுமுறைக்கு மெர்போக் வந்துவிட்டால் வீடு முழுக்க பாப் மார்லி பாட்டுதான். "இந்த ரெகே பாட்டுக்கும் நமக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஜமைக்காவுக்கும் 1845-லேயே நம்மாளுங்க கரும்புத் தோட்டத்துக்குப் போயிருக்காங்கப்பா" என்றவன், பெட்ரீசியா சின் என்ற அம்மையாரின் கதையைச் சொன்னான்.

அவர் 1937-இல் கிங்ஸ்டன் நகரில் பிறந்தவர். அப்பா இந்திய வம்சாவளி, அம்மா சீன வம்சாவளி. கணவர் வின்சென்ட், மதுக்கடைகளில் காசு போட்டால் பாடும் இசைப்பெட்டிகளைப் பராமரித்து, அவற்றில் தட்டு மாற்றும் வேலை பார்த்தார். கழற்றிய பழைய தட்டுகளை அவர் குப்பையில் போடவில்லை. 1950-களின் கடைசியில் இருவரும் சிறு கடை திறந்து அவற்றை விற்றார்கள். கடை நார்த் பரேட் சாலைக்கு வந்து வளர்ந்த பிறகு, மாடியிலேயே ஒலிப்பதிவுக் கூடமும் கட்டினார்கள். பாப் மார்லியும் பீட்டர் டோஷும் அங்கே பாடியிருக்கிறார்கள். பின்னர் குடும்பம் நியூயார்க்கில் குடியேறியது. 1979-இல் தம்பதியர் தங்கள் பெயர்களின் முதலெழுத்தைச் சேர்த்து 'வி.பி. ரெக்கார்ட்ஸ்' தொடங்கினார்கள். 2008-இல் லண்டனின் புகழ்பெற்ற கிரீன்ஸ்லீவ்ஸ் நிறுவனத்தையே வாங்கும் அளவுக்கு அது உயர்ந்தது.

மகன் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனான். எனக்கோ நெஞ்சில் முள் தைத்தது.

எங்கள் தோட்டத்தில் சித்தப்பா நன்றாகப் பாடுவார். பகலில் பால்மரம் சீவியவர், திருவிழா இரவில் ஆர்மோனியம், டோலக்கோடு மேடையேறுவார். ஒரு வருடம் யாரோ அதை ஒலிநாடாவில் பதிவு செய்து கொடுத்தார்கள். யாரும் அழித்துவிடக் கூடாது என்று அதன் மேல்முனையில் இருந்த சிறு பிளாஸ்டிக் துண்டைச் சித்தப்பாவே உடைத்து வைத்தார். பதினான்கு வயதில் நான் அந்த ஓட்டையைத் தாளால் அடைத்து, வானொலியில் வந்த சினிமாப் பாட்டுகளை அதன்மேல் பதிந்துவிட்டேன்.

விஷயம் தெரிந்தபோது அவர் திட்டவில்லை. "பரவாயில்லடா" என்றார், அவ்வளவுதான். அவர் இறந்து பல வருடங்களாகிவிட்டன. அவர் குரல் இன்று எங்கேயும் இல்லை.

அன்று மகனிடம் இதை முதல்முறையாகச் சொன்னேன். மறுவாரம் சித்தப்பாவோடு டோலக் வாசித்த பெரியவரைத் தேடி இருவரும் செமெலிங் போனோம். வயது எழுபதைத் தாண்டிவிட்டது, குரலும் நடுங்கியது. ஆனாலும் சித்தப்பாவின் மூன்று பாட்டுகளை முழுவதும் பாடினார். என் கைத்தொலைபேசியில் பதிவு செய்தேன்.

வண்டியில் ஏறியதும் மகன் சொன்னான்: "இதையும் அழிச்சிடாதீங்கப்பா. எனக்கும் ஒண்ணு அனுப்பிடுங்க."